குற்றவாளிகள் பதிவேட்டுச் சட்டத் திருத்தங்களும் பொதுச் செலவும்: அமெரிக்க மாநிலங்களின் பட்டறிவு

ஆய்வுச் சுருக்கம்

பாலியல் குற்றங்களுக்காகத் தண்டனை பெற்றோரைப் பதிவேட்டில் சேர்த்துக் கண்காணிக்கும் சட்டங்கள் அமெரிக்காவில் 1994 முதல் பலமுறை திருத்தப்பட்டுள்ளன. அத்திருத்தங்களால் பொதுக் கருவூலத்துக்கு ஏற்பட்ட சுமை எவ்வாறு உருவாகிறது, அதனை யார் தாங்குகின்றனர், அதற்கு ஈடான பாதுகாப்பு கிடைத்ததா என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: குற்றவாளிகள் பதிவேடு, சட்டத் திருத்தம், பொதுச் செலவு, மறுவகைப்பாடு, கூட்டாட்சி மானியம்.

முன்னுரை

ஒரு சட்டத்தைத் திருத்துவதற்கு ஆகும் செலவு சட்டமன்றத்தில் அரிதாகவே விவாதிக்கப்படுகிறது. குறிப்பாக, குழந்தைகளின் பாதுகாப்பை முன்னிறுத்தும் திருத்தங்களில் செலவைப் பற்றிக் கேட்பதே இரக்கமின்மையாகக் கருதப்படுவதுண்டு. ஆயினும் பொதுப்பணம் அளவுக்கு உட்பட்டது. பதிவேட்டைப் பராமரிக்கச் செலவாகும் பணம் புலனாய்வுக்கோ, பாதிக்கப்பட்டோர்க்கான உதவிக்கோ, மறுகுற்றத்தைத் தடுக்கும் சிகிச்சைக்கோ கிடைக்காமல் போகிறது. எனவே செலவு பற்றிய வினா, பாதுகாப்பு பற்றிய வினாவும் ஆகும்.

சட்டம் வளர்ந்த வரலாறு

பாலியல் குற்றவாளிகளை மாநில அளவில் பதிவு செய்யும் முறையைக் கலிபோர்னியா 1947-இலேயே தொடங்கியது. 1994-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் எல்லா மாநிலங்களும் இத்தகைய பதிவேட்டை அமைக்க வேண்டும் என்றது. 1996-ஆம் ஆண்டின் மேகன் சட்டம், பதிவேட்டிலுள்ள விவரங்களைப் பொதுமக்களுக்கு அறிவிக்கச் செய்தது. 2006 ஜூலை 27 அன்று கையெழுத்தான ஆடம் வால்ஷ் சட்டம் நாடு முழுவதற்கும் ஒரே அளவுகோலை வகுத்தது.

இச்சட்டம் குற்றவாளிகளை மூன்று படிநிலைகளாகப் பிரிக்கிறது. முதல் படிநிலையினர் 15 ஆண்டுகளும், இரண்டாம் படிநிலையினர் 25 ஆண்டுகளும், மூன்றாம் படிநிலையினர் வாழ்நாள் முழுவதும் பதிவேட்டில் இருத்தல் வேண்டும். அவர்கள் முறையே ஆண்டுக்கு ஒருமுறை, ஆறு மாதங்களுக்கு ஒருமுறை, மூன்று மாதங்களுக்கு ஒருமுறை நேரில் வந்து தம் விவரங்களை உறுதிசெய்ய வேண்டும். படிநிலை, தனிமனிதர் மீண்டும் குற்றம் புரியக்கூடிய வாய்ப்பை மதிப்பிட்டு முடிவு செய்யப்படுவதன்று. அவர் எந்தப் பிரிவின்கீழ்த் தண்டிக்கப்பட்டார் என்பதைக் கொண்டே முடிவாகிறது.

செலவு உருவாகும் இடங்கள்

இத்திருத்தத்தின் செலவை நான்காகப் பகுக்கலாம். முதலாவது, பழைய வழக்கு ஆவணங்களைத் தேடியெடுத்து ஒவ்வொருவரையும் புதிதாக வகைப்படுத்தும் செலவு. இரண்டாவது, கணினி அமைப்பை மாற்றும் செலவு. மூன்றாவது, நேரில் வருவோரைச் சரிபார்க்கும் அலுவலர்களுக்கான செலவு. நான்காவது, வழக்குகளுக்கும் சிறைக்குமான செலவு. பதிவு செய்யத் தவறுவதே தனிக்குற்றமாக இருப்பதால் இது தொடர்ந்து வளரக்கூடியது.

மூன்றாம் செலவின் தன்மையை ஓர் எளிய கணக்கால் உணரலாம். ஆண்டுக்கு ஒருமுறை என 10 ஆண்டுகள் பதிவு செய்ய வேண்டிய ஒருவர், காவல் அலுவலகத்துக்கு 10 முறை வருவார். அவரே மூன்றாம் படிநிலைக்கு மாற்றப்பட்டு மேலும் 40 ஆண்டுகள் வாழ்ந்தால் 160 முறை வர வேண்டும். சட்டத்தில் ஒரு சொல் மாறும்போது அலுவலரின் பணி பதினாறு மடங்காகிறது. அந்த அலுவலர் பெரும்பாலும் உள்ளாட்சியின் ஊதியத்தில் இருப்பவர். விதியை வகுத்ததோ கூட்டாட்சி அரசு.

மானியமும் மாநிலங்களின் கணக்கும்

ஆடம் வால்ஷ் சட்டத்தைச் செயல்படுத்தாத மாநிலம், குற்றத்தடுப்புப் பணிகளுக்காகக் கூட்டாட்சி அரசு வழங்கும் பைர்ன் மானியத்தில் 10 விழுக்காட்டை இழக்க நேரும். மானியத்தைக் காக்கவே மாநிலங்கள் சட்டத்தை ஏற்கும் என எதிர்பார்க்கப்பட்டது. ஆனால் மாநிலங்கள் இரு பக்கமும் கணக்கிட்டுப் பார்த்தன.

முதல் ஆண்டில் மட்டும் சுமார் 1 கோடியே 25 லட்சம் டாலர் தேவை என வர்ஜீனியா மதிப்பிட்டது. அம்மதிப்பீட்டை மக்கள்தொகை விகிதத்தில் பிற மாநிலங்களுக்கும் விரித்துப் பார்த்த நீதிக் கொள்கை நிறுவனம், 2008-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதன்படி கலிபோர்னியாவுக்கு ஆகும் செலவு சுமார் 5 கோடியே 90 லட்சம் டாலர். இழக்கும் மானியமோ சுமார் 22 லட்சம் டாலர். டெக்சாஸ் மாநிலத்தின் மதிப்பீட்டில் செலவு சுமார் 3 கோடியே 87 லட்சம் டாலராகவும், இழப்பு சுமார் 14 லட்சம் டாலராகவும் இருந்தன. இவை முன்மதிப்பீடுகளே, உண்மையில் செலவழித்த தொகைகள் அல்ல. எனினும் செலவுக்கும் இழப்புக்கும் இடையிலான வேறுபாடு, மதிப்பீட்டுப் பிழையால் மட்டும் விளக்கக்கூடியதன்று. 2009 ஜூலையில் முடியவிருந்த காலக்கெடு 2011 ஜூலை வரை நீட்டிக்கப்பட்டும் பெரும்பாலான மாநிலங்கள் இச்சட்டத்தை முழுமையாகச் செயல்படுத்தவில்லை.

ஒகாயோ: திருத்தத்தைத் திருத்திய வழக்குகள்

இச்சட்டத்தை முதலில் நிறைவேற்றிய மாநிலம் ஒகாயோ. 2008 ஜனவரி 1 முதல் அங்குச் சுமார் 26,000 பேர் புதிய படிநிலைகளுக்கு மாற்றப்பட்டனர். நீதிமன்றம் முன்பே விசாரித்து வகைப்படுத்தியவர்களை, மாநிலத் தலைமை வழக்குரைஞரின் அலுவலகம் கடிதத்தின் வழியே மறுவகைப்படுத்தியது. ஆயிரக்கணக்கானோர் நீதிமன்றத்தை நாடினர்.

2003-இல் அலாஸ்கா வழக்கொன்றில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பதிவு என்பது தண்டனை அன்று. எனவே பழைய குற்றங்களுக்கும் அதனைப் பொருத்தலாம் எனத் தீர்ப்பளித்திருந்தது. இத்தீர்ப்பு சட்டமன்றங்களுக்குத் துணிவளித்தது. ஆனால் ஒகாயோ உச்ச நீதிமன்றம் தன் மாநில அரசமைப்பின் அடிப்படையில் வேறு முடிவுக்கு வந்தது. நீதிமன்றத்தின் ஆணையை நிருவாகத் துறை மாற்றுவது அதிகாரப் பிரிவினைக்கு முரணானது என 2010-இலும், 2008-க்கு முன் நிகழ்ந்த குற்றங்களுக்குப் புதிய சட்டத்தைப் பொருத்துவது செல்லாது என 2011-இலும் அது தீர்ப்பளித்தது. இதனால், மாற்றியமைத்த பதிவுகளை மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டியதாயிற்று. ஒரே பணிக்கு மக்கள் இருமுறை செலவழித்தனர். இடையில் வழக்குச் செலவும் சேர்ந்தது. மிச்சிகனிலும் 2006, 2011 ஆண்டுகளின் திருத்தங்களை முந்தைய குற்றங்களுக்குப் பொருத்தியது செல்லாது எனக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2016-இல் தீர்ப்பளித்தது.

தளர்த்தும் திருத்தத்துக்கும் செலவுண்டு

சட்டத்தைக் கடுமையாக்கினால் மட்டுமே செலவாகும் எனக் கருதுதல் பிழை. கலிபோர்னியாவில் வாழ்நாள் பதிவே பொதுவிதியாக இருந்ததால் பட்டியல் 1,00,000 பேரைக் கடந்து வளர்ந்தது. உண்மையில் ஆபத்தானவர் யார் என்பதை அதிலிருந்து பிரித்தறிவது காவலர்க்கே கடினமாயிற்று. 2017-இல் நிறைவேறி 2021 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த சட்டம், 10 ஆண்டு, 20 ஆண்டு, வாழ்நாள் என மூன்று படிநிலைகளை ஏற்படுத்தியது. பட்டியலிலிருந்து நீங்க விரும்புவோர் மனுச்செய்ய வேண்டும். காவல் துறை சரிபார்க்க வேண்டும். அரசு வழக்குரைஞர் ஆராய வேண்டும். நீதிமன்றம் முடிவெடுக்க வேண்டும். பட்டியலில் எளிதாகச் சேர்க்கப்பட்டவரை நீக்குவதற்கு நான்கு படிகள் தேவைப்படுகின்றன.

செலவுக்கு ஈடான பயன்

நியூ ஜெர்சியில் மேகன் சட்டத்தை ஆராய்ந்து 2008-இல் வெளியான ஆய்வு, விவரம் அளித்த மாவட்டங்களில் தொடக்கச் செலவு 5,55,565 டாலர் என்றும், 2007-இல் அது சுமார் 39 லட்சம் டாலராக உயர்ந்தது என்றும் காட்டியது. மறுகுற்றம் குறைந்ததற்கான சான்று அவ்வாய்வில் கிடைக்கவில்லை. பிரெஸ்காட், ராக்காஃப் ஆகியோர் 2011-இல் வெளியிட்ட ஆய்வு நுட்பமான ஒரு வேறுபாட்டைச் சுட்டுகிறது: காவல் துறையிடம் பதிவு செய்தல் குற்றங்களைக் குறைக்க உதவுகிறது, ஆனால் விவரங்களைப் பொதுமக்களுக்கு வெளியிடுதல், பட்டியலில் உள்ளோர் மீண்டும் குற்றம் புரிவதைக் கூட்டவும் கூடும். வேலையும் இருப்பிடமும் இழந்தவருக்கு இழப்பதற்கு வேறொன்றும் இல்லாமற் போவது இதற்கான காரணங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

இந்தியாவும் 2018 செப்டம்பர் 20 அன்று பாலியல் குற்றவாளிகளுக்கான தேசியத் தரவுத்தளத்தைத் தொடங்கியது. 4.4 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகளுடன் தொடங்கிய அதனைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பராமரிக்கிறது. சட்ட அமலாக்க அமைப்புகள் மட்டுமே அதனைக் காண இயலும். அதனைப் பொதுமக்களுக்கும் திறந்துவிட வேண்டும் என்ற கோரிக்கை எழுமாயின், மேற்கண்ட வேறுபாடு கருத்தில் கொள்ளத்தக்கது.

முடிவுரை

பதிவேட்டுச் சட்டத் திருத்தத்தின் பெருஞ்செலவு, சட்டம் இயற்றப்பட்ட பின்னரே வெளிப்படுகிறது. முன் நிகழ்ந்த குற்றங்களுக்கும் சட்டத்தை நீட்டுதல், ஆபத்தை மதிப்பிடாமல் குற்றப்பிரிவை மட்டும் கொண்டு வகைப்படுத்துதல், விதியை ஓர் அரசு வகுத்துச் செலவை மற்றோர் அரசின்மீது ஏற்றுதல் ஆகிய மூன்றுமே அச்செலவைப் பெருக்கியுள்ளன. இம்மூன்றும் சட்ட முன்வரைவு நிலையிலேயே கண்டறியக்கூடியவை. எனவே இத்தகைய முன்வரைவு ஒவ்வொன்றுடனும், அதனைச் செயல்படுத்தப்போகும் உள்ளாட்சி அலுவலகங்களின் செலவு மதிப்பீடும், எதிர்பார்க்கும் பயனுக்கான சான்றும் இணைக்கப்பெற வேண்டும். குழந்தைகளைக் காக்கும் நோக்கம் உயர்ந்தது. அந்நோக்கத்துக்கென ஒதுக்கப்படும் பணம் அதற்கே பயன்படுகிறதா எனக் கணக்குக் கேட்பதும் அந்நோக்கத்தைக் காப்பதேயாகும்.