சாப்பிடச் சொல்லும் டயட்டீஷியன்

டயட்டீஷியன் என்றதும் நம் வீடுகளில் நினைவுக்கு வருவது ஒரு சீட்டு. சர்க்கரை வேண்டாம், வடை வேண்டாம், ராத்திரி சோற்றுக்குப் பதில் இரண்டு சப்பாத்தி. உண்ணுதல் கோளாறு வந்தவருக்கு அவர் எழுதித் தருவது இதற்கு நேரெதிரான சீட்டு. எதையெல்லாம் பயந்து ஒதுக்கினாரோ, அதையெல்லாம் மெல்ல மெல்லத் தட்டுக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

இந்த நோய் நம் பக்கம் கிடையாது என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். பெங்களூரில் பணியாற்றும் 66 மனநல மருத்துவர்களிடம் அங்குள்ள மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸைச் சேர்ந்த பிரபா சந்திராவும் உடன் ஆய்வாளர்களும் இதைப் பற்றி விசாரித்தார்கள். 2012-இல் வெளியான அந்த ஆய்வின்படி, ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மருத்துவர்கள் இந்த நோய் வந்த ஒருவரையாவது பார்த்திருந்தார்கள். பட்டினி கிடந்து மெலிவது அனோரெக்சியா. அடக்கமாட்டாமல் தின்றுவிட்டு வாந்தியெடுப்பது புலிமியா. வாந்தியெடுக்காமல், தின்றுவிட்டு வெட்கத்தில் குமைகிறவர்களும் உண்டு. நம்மூரில் எல்லோரும் "குண்டாயிடுவேன்" என்று சொல்வதில்லை. "வயிறு உப்புசமா இருக்கு", "பசியே இல்ல", "இன்னிக்கு விரதம்" என்றே பேச்சு வரும். வீட்டாரும் வயிற்று டாக்டரைத் தேடி அலைவார்கள், மாதங்கள் ஓடிவிடும்.

எலும்பும் தோலுமாக நிற்கும் பிள்ளையைப் பார்த்ததும் அம்மாவின் கை நெய்க்குத்தான் போகும். அந்தப் பாசத்தில் ஒரு ஆபத்து இருக்கிறது. நெடுநாள் பட்டினி கிடந்த உடலுக்குள் திடீரென்று நிறைய மாவுச்சத்து போனால் இன்சுலின் பெருகும். ரத்தத்தில் இருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் எல்லாம் செல்களுக்குள் இழுக்கப்பட்டுவிடும். இதயத் துடிப்பு தடுமாறி உயிரே போகலாம். இரண்டாம் உலகப்போரின் முடிவில் பட்டினியால் மெலிந்திருந்த கைதிகளில் சிலர், சாப்பாடு கிடைத்த பிறகே இறந்தார்கள். ஆகவே மிக மெலிந்தவருக்கு எவ்வளவில் தொடங்குவது, எத்தனை நாளுக்கு ஒருமுறை கூட்டுவது என்பதை டயட்டீஷியனும் மருத்துவரும் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துப் பார்த்து முடிவு செய்கிறார்கள். தயாமின் என்ற பி1 வைட்டமினை முதலிலேயே கொடுத்துவிடுவார்கள். சோறும் இங்கே அளவு பார்த்துக் கொடுக்கும் மருந்துதான்.

அடுத்தது, நடப்பது என்ன என்று புரியவைக்கும் வேலை. என்னைக் கேட்டால் இதுவே பெரிய வேலை. அமெரிக்காவின் மினசோட்டாவில் 1944-45-இல் ஆன்சல் கீஸ் என்பவர் 36 ஆரோக்கியமான ஆண்களுக்கு ஆறு மாதம் அரைவயிற்றுச் சாப்பாடு கொடுத்துப் பார்த்தார். அவர்கள் எந்நேரமும் சாப்பாட்டையே நினைத்தார்கள். சமையல் புத்தகங்களைப் புரட்டினார்கள், ஒரு தட்டை நெடுநேரம் வைத்துக்கொண்டு அளைந்தார்கள், எரிந்து விழுந்தார்கள், கூட்டத்தை விட்டு ஒதுங்கினார்கள். வீட்டில் எல்லோருக்கும் ஆசையாகச் சமைத்துப் போட்டுவிட்டுத் தான் மட்டும் தொடாத பெண்ணிடம் இதைச் சொல்லும்போது, தன் பிடிவாதத்தில் பாதி பட்டினி பேசும் பேச்சு என்று அவளுக்குத் தெரிகிறது. பெற்றோருக்கும் திட்டும் வாய் அடங்குகிறது.

புலிமியாவிலும் வேர் பெரும்பாலும் பட்டினியிலேயே இருக்கும். காலையில் காப்பி மட்டும், மதியம் வெள்ளரிக்காய், ராத்திரி பத்து மணிக்கு பி.ஜி. விடுதி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு முழு பிஸ்கட் பாக்கெட். மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை எதையாவது சாப்பிட வேண்டும் என்பதே இங்கே முதல் பாடம். கலோரிக் கணக்கு கிடையாது. கரண்டி, டம்ளர், இட்லி எண்ணிக்கை என்று வீட்டு அளவில்தான் பேச்சு. பிறகு பயப்படும் பண்டங்களைப் பட்டியல் போட்டு, பயம் குறைவானதிலிருந்து தொடங்குவார்கள். தயிர்சாதத்தில் ஆரம்பித்து, சில வாரம் கழித்துத் தர்ஷினி என்னும் சிற்றுண்டிக் கடையில் நின்றபடி ஒரு மசால் தோசை. சில டயட்டீஷியன்கள் கூடவே உட்கார்ந்து தாங்களும் சாப்பிடுவார்கள். விரதம் இருப்பதைச் சிறிது காலம் நிறுத்திவைக்க வீட்டுப் பெரியவர்களிடம் பேசுவதும் அவர்கள் பாடுதான்.

டயட்டீஷியன் ஒருவரால் மட்டும் இது தீராது. மனநோய்களில் அதிகம் உயிர்குடிப்பவற்றில் அனோரெக்சியாவும் ஒன்று. மனநல மருத்துவரும் உளவியலாளரும் கூடவே இருக்க வேண்டும். எடைக்குறைப்பையே தொழிலாகச் செய்பவரிடம் போனால் நோய் முற்றவும் கூடும். எனவே முதல் சந்திப்பிலேயே, "உண்ணுதல் கோளாறு உள்ளவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? எந்த மனநல மருத்துவரோடு சேர்ந்து பார்ப்பீர்கள்?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். பிள்ளையின் பழைய எடை, உயரக் குறிப்புகள் பள்ளியிலிருந்து கிடைத்தால் எடுத்துப் போங்கள். வளர்ச்சி ஏறக்குறைய எப்போது நின்றது என்று அவற்றில் தெரியும். எங்கே தொடங்குவது என்று புரியாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அழைக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய இந்த இலவசச் சேவைக்கு நிம்ஹான்ஸ்தான் தலைமை மையம், தமிழிலும் பேசலாம். மயக்கம் வந்தாலோ, நெஞ்சு படபடத்தாலோ, நாடி மிக மெதுவாக அடித்தாலோ எந்த எண்ணையும் தேடிக்கொண்டிருக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.