பாலைவனத்தில் வந்த சிரிப்பு!

என் தம்பி ராணுவத்தில் இருக்கிறான். ராஜஸ்தான் ஜெய்சல்மேரில் வேலை. "அரைப் பரீட்சை லீவுக்குப் பிள்ளைங்கள கூட்டிக்கிட்டு வாக்கா, பாலைவனத்துல கூடாரத்துல தங்கலாம்" என்று கூப்பிட்டுக் கொண்டே இருந்தான். என் மாமியாரோ, "நம்ம தர்மபுரியில இல்லாத வறட்சியா? அதைப் பார்க்க ரயிலேறிப் போவணுமா?" என்று கேலி செய்தார். ஆனாலும் கட்டுச்சோறு கட்டிக் கொடுத்து அனுப்பி வைத்ததும் அவர்தான்.

ஜெய்சல்மேரிலிருந்து சுமார் 40 கி.மீ. தூரத்தில் இருக்கிறது சம் என்ற ஊர். அதை ஒட்டித்தான் பாலைவன தேசியப் பூங்கா. 3,162 சதுர கி.மீ. பரப்பு! எங்கு பார்த்தாலும் மணல் என்று நினைத்துப் போனேன். மணல்மேடு கொஞ்சம்தான். மற்றதெல்லாம் பாறையும் புல்வெளியும். நடுநடுவே நம்ம ஊர் கோயில்களில் சுற்றி வந்து கும்பிடும் வன்னி மரம்! அதன் காயைக் காய வைத்துக் குழம்பு போல் சமைக்கிறார்கள். கம்பு ரொட்டியோடு சாப்பிட்டால் அவ்வளவு ருசி.

அங்கேதான் கானமயில் என்ற பெரிய பறவை வாழ்கிறது. ராஜஸ்தானின் மாநிலப் பறவை அது. நாட்டிலேயே 150 போலத்தான் மிச்சம் இருக்கிறதாம். தரையில் பெரும்பாலும் ஒரே ஒரு முட்டைதான் இடும். நேர் எதிரே இருப்பது சரியாகத் தெரியாததால் மின்கம்பியில் மோதிச் செத்துப் போகிறது என்று வழிகாட்டி சொன்னபோது மனசு கனத்தது. எங்கள் கண்ணுக்கு ஒன்றும் தென்படவில்லை. சிங்காரா மான்கள்தான் துள்ளி ஓடின.

சாயங்காலம் கூடாரத்துக்குத் திரும்பியதும் என் மகள் ஒரு வாளித் தண்ணீரை அப்படியே காலில் ஊற்றி மணலைக் கழுவினாள். பாத்திரங்களை மணல் போட்டுத் துலக்கிக் கொண்டிருந்த அந்த ஊர் அம்மா கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். திட்டவில்லை. ஆனால் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சின்ன வயசில் குடத்தோடு நான் நடந்த தூரமெல்லாம் ஞாபகம் வந்தது.

மன்னிப்புக் கேட்கத் தம்பியைக் கூட்டிக் கொண்டு போனேன். அந்த அம்மா முக்காட்டை விலக்கிச் சிரித்தார். பல்லெல்லாம் பழுப்புக் கறை. என் பல்லைப் போலவே!

எங்கள் பக்கம் ஆழ்குழாய்த் தண்ணீரில் புளோரைடு அதிகம். பல் வளரும் வயசில் அதைக் குடித்தால் விழும் கறை, எவ்வளவு தேய்த்தாலும் போகாது. என் கல்யாண போட்டோவில்கூட வாயை மூடிக் கொண்டுதான் நிற்கிறேன். ராஜஸ்தானிலும் பல மாவட்டங்களில் இதே கஷ்டம்தான்.

நான் என் பல்லைக் காட்டினேன். அந்த அம்மா என் கன்னத்தைத் தட்டிவிட்டு ஏதோ சொன்னார். "ஒரே கிணத்துத் தண்ணி குடிச்ச மாதிரி இருக்கோமேன்னு சொல்றாங்கக்கா" என்றான் தம்பி. இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். என் வீட்டுக்காரர் அதைப் போட்டோ எடுத்துவிட்டார். ராத்திரி குளிரில் மூணு கம்பளி போர்த்தியும் தூக்கம் வரவில்லை. இத்தனை வருஷம் எதற்கு வாயைப் பொத்திக் கொண்டிருந்தேன் என்றே யோசித்துக் கொண்டிருந்தேன்.

2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த பிறகு பிறந்தவள் என் மகள். அவள் பல் முத்துப் போல இருக்கிறது. அந்தத் தண்ணீரின் அருமையை இப்போது அவளும் தெரிந்து கொண்டாள். வாளியைத் தொடும்போதெல்லாம் "அந்தப் பாட்டி பார்ப்பாங்க" என்கிறாள்.

சகோதரிகளே, ஆழ்குழாய்த் தண்ணீர் குடிப்பவர்கள் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் ஒருமுறை பரிசோதித்து விடுங்கள். ஒரு லிட்டரில் புளோரைடு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. காய்ச்சினால் போய்விடும் என்று நினைக்காதீர்கள். தண்ணீர் வற்ற வற்ற அளவு கூடத்தான் செய்யும்.

அந்தப் போட்டோ இப்போது எங்கள் வீட்டு நடுக்கூடத்தில் தொங்குகிறது. மாட்டியது யார் தெரியுமா? என் மாமியார்தான்!

- ஒரு வாசகி, பென்னாகரம்.