இரு திரைகளும் ஓர் அளவும்

கணிப்பொறி ஒன்றுடன் இரண்டு திரைகளை இணைத்து, ஒன்றில் தேசப்படத்தையும் மற்றொன்றில் அறிக்கையையும் வைத்துப் பணியாற்றும் வழக்கம் இப்பொழுது பெருகியுள்ளது. வகுப்பறையிலும் மடிக்கணினியோடு புரொஜெக்டரை இணைக்கிறோம். ஆனால் இத்திரைகள் ஒரே தன்மையுடையனவாக அமைவது அரிது. இவ்வேற்றுமையைக் கவனியாவிடில் அளவிலே பிழை நேரும்.

திரை என்பது பிக்சல் எனப்படும் நுண்ணிய ஒளிப்புள்ளிகளின் தொகுதியாகும். 14 அங்குல மடிக்கணினியிலும் 24 அங்குலப் பெரிய திரையிலும் குறுக்கே 1920, நெடுக்கே 1080 என ஒரே எண்ணிக்கையில் புள்ளிகள் இருக்கக்கூடும். ஆயினும் முன்னதில் ஓர் அங்குல நீளத்தில் சுமார் 157 புள்ளிகள் அடங்க, பின்னதில் 92 புள்ளிகளே அடங்கும். எண்ணிக்கை ஒன்றாயினும் நெருக்கம் வேறு.

இதன் விளைவு யாது? இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவுத் தேசப்படத்தில் 1 கிலோமீட்டர் தூரம் 2 சென்டிமீட்டராகக் குறிக்கப்படுகிறது. அத்தூரம் பெரிய திரையில் 72 புள்ளிகளில் அமைந்தால் 2 சென்டிமீட்டர் நீளமே இருக்கும். அதே 72 புள்ளிகள் மடிக்கணினியில் சுமார் 1.2 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். அங்கே அளவுகோலை வைத்துக் கணக்கிடும் களப்பணியாளர், ஒரு கிலோமீட்டரை 600 மீட்டர் என்றே எழுதுவார். ஆகவே திரையில் 1:50,000 என்ற எண்ணை நம்பலாகாது. படத்தின் அடியிலுள்ள கோட்டளவையையே கொள்ளவேண்டும். படம் சுருங்கும்பொழுது அதுவும் உடன் சுருங்கும்.

ஆசிரியர்களுக்கு வேறொரு இடர் உண்டு. 1366க்கு 768 புள்ளிகளுள்ள மடிக்கணினியை 1024க்கு 768 புள்ளிகளுள்ள புரொஜெக்டருடன் 'டூப்ளிகேட்' முறையில் இணைத்தால், பெரும்பாலும் இரண்டும் ஒரே எண்ணிக்கைக்கு உட்படுகின்றன. அப்பொழுது 1024 புள்ளிகளுக்குரிய படம் மடிக்கணினித் திரை முழுதும் இழுக்கப்படுமாயின், அகலம் மூன்றில் ஒரு பங்கு மிகுந்து வட்டம் நீள்வட்டமாகும். விண்டோஸ் விசையையும் 'பி' விசையையும் சேர்த்து அழுத்தி, 'எக்ஸ்டெண்ட்' என்பதைத் தேர்ந்தால் ஒவ்வொரு திரையும் தன் இயல்பான எண்ணிக்கையிலேயே இயங்க இயலும்.

எழுத்துகள் ஒரு திரையில் சிறுத்தும் மற்றொன்றில் பெருத்தும் தோன்றினால், புள்ளிகளின் எண்ணிக்கையைக் குறைத்தல் தகாது, எழுத்து மங்கிவிடும். 'ஸ்கேல்' என்னும் அமைப்பையே மாற்றவேண்டும். 2013இல் வெளிவந்த விண்டோஸ் 8.1 முதல் ஒவ்வொரு திரைக்கும் இதனைத் தனித்தனியே வகுக்கும் வசதி உண்டு. மேற்கூறிய மடிக்கணினிக்கு 150 சதவீதமும் பெரிய திரைக்கு 100 சதவீதமும் வைத்தால், எழுத்துகள் ஏறத்தாழ ஒத்த அளவில் தோன்றும்.

பணி தொடங்குமுன் எளிய சோதனை ஒன்று செய்து பார்க்கலாம். திரையில் வட்டம் ஒன்றை வரைந்து, அதன் அகலத்தையும் உயரத்தையும் அளவுகோலால் அளக்கவும். பிறகு அதனை அடுத்த திரைக்கு நகர்த்தி மீண்டும் அளக்கவும். அகலமும் உயரமும் ஒத்திருந்தால் உருவம் பிழையற்றது. இரு திரைகளிலும் கண்ட அளவுகள் வேறுபடின், திரையின்மேல் அளந்த எதையும் குறிப்பேட்டில் ஏற்றாதிருப்பதே நன்று.