தண்ணி ஏறும் நேரம்

முதல் தடவை கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்காவுக்குப் போனபோது எனக்குக் கிடைத்தது கொசுக்கடிதான். பிரிக்ஃபீல்ட்ஸில் ஆற அமரத் தோசை சாப்பிட்டுவிட்டுக் கிளம்பி, பதினொரு மணிக்குப் பார்வைக் கோபுரத்தில் ஏறி நின்றேன். கீழே வெறுங்குளம். வலசைப் பறவை ஒன்றுகூட இல்லை. அடுத்த முறை கூட வந்தவர் கிள்ளான்காரர், நண்பனின் மாமா. பறவை பார்ப்பதில் பழம் தின்று கொட்டை போட்டவர். என் கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டு, “தம்பி, மணியப் பாக்காத, தண்ணியப் பாரு” என்றார்.

சிலாங்கூர் ஆறு கடலில் கலக்கும் இடம் இது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இந்தக் கரையில் கடல் ஏறுவதற்கும் வற்றுவதற்கும் இடையே நாலு மீட்டர் போல வித்தியாசம் இருக்கும். கரையோ மிகத் தட்டை. ஆகவே தண்ணீர் வற்றினால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை சேறு. நமக்கு அது சேறு. சைபீரியாவிலிருந்து வரும் உள்ளானுக்குச் சாப்பாட்டு மேசை. புழு, நண்டு, சிப்பி எல்லாம் உள்ளே இருக்கின்றன. ஆறு மணி நேரத்தில் கடல் திரும்பி வந்து மேசையை மூடிவிடும். இந்தப் பறவைகள் வாத்து மாதிரி மிதந்து பொழுதைக் கழிப்பவை அல்ல. கால் ஊன்றி நிற்க ஓர் இடம் வேண்டும். மலாவாத்தி குன்றின் அடிவாரத்தில், மலேசிய இயற்கைக் கழகத்தின் முயற்சியில் 1987-ல் உருவான இந்தப் பூங்காவுக்குள் உவர்நீர்க் குளம் வெட்டி வைத்திருப்பது அதற்குத்தான். நான் முதலில் போனது வற்று நேரம். பறவைகளெல்லாம் சேற்றில் வேலையாக இருந்திருக்கின்றன.

இரண்டாம் தடவை தண்ணீர் ஏற ஏற அவை கூட்டம் கூட்டமாக உள்ளே வந்தன. முதலில் அடையாளம் தெரிந்தது பவளக்காலி. பெயர் வைத்தவர் கெட்டிக்காரர், கால் அப்படியே பவளம். நிற்கும்போது பழுப்பு நிறத்தில் சாதாரணமாகத்தான் இருக்கும்; பறந்தால் சிறகின் பின் ஓரத்தில் வெள்ளைப் பட்டை பளிச்சென்று தெரியும். கரையோரக் கண்டல் மரத்தில் (நம் பேச்சில் பாக்காவ் மரம்) சிறு கோட்டான் என்ற கரைப்பறவை ஒன்று வந்து அமர்ந்தது. அதன் அலகு கீழ்நோக்கி வளைந்திருப்பது நண்டு வளைக்குள் விட்டு இழுக்க. பிடித்த நண்டை உதறி, காலைக் கழற்றிவிட்டு விழுங்கும்.

மூக்கன் என்ற பறவையின் அலகு இன்னும் நுட்பமானது. சேற்றுக்குள் அரைச் சாண் நீள அலகை முழுதாகத் திறக்க முடியுமா? சேறு விடாது. அதனால் மேல் அலகின் நுனி மட்டும் தனியாக வளைந்து திறக்கும், இடுக்கி போல. நுனியில் நரம்பு முனைகள் நெருக்கமாக இருக்கின்றன. கண்ணால் பார்க்காமலே புழுவைத் தொட்டு உணர்ந்து எடுத்துவிடும்.

இந்தச் சாப்பாடு வெறும் பசிக்கு அல்ல. பயணத்துக்குமுன் உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்ளும். நீண்ட பயணம் போகிற மூக்கனுக்கு இரைப்பையும் குடலும் சுருங்கிவிடும். வழியில் சாப்பிடப் போவதில்லை, பிறகு சுமை எதற்கு? 2022 அக்டோபரில் பட்டைவால் மூக்கன் ஒன்று அலாஸ்காவில் கிளம்பி 11 நாள் எங்கும் இறங்காமல் 13,560 கிலோமீட்டர் பறந்து டாஸ்மேனியாவில் இறங்கியது. பிறந்து ஐந்தே மாதமான குஞ்சு! நம் கரைக்கு வருகிறவை நடுவில் இறங்கி இளைப்பாறுகிறவை. ரஷ்யா, அலாஸ்காவின் வட கோடியிலிருந்து ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வரை இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளைத் தொட்டுப் போகும் இந்த வழியில் ஏறக்குறைய ஐந்து கோடி நீர்ப்பறவைகள் வந்து போகின்றன.

வழியில் ஒரு சேறு போனாலும் கணக்கு உதைக்கும். தென்கொரியாவின் சேமாங்கும் கழிமுகத்தை 2006-ல் 33 கிலோமீட்டர் சுவர் எழுப்பி மூடினார்கள். அங்கே இளைப்பாறி வந்த பெரிய நாட் என்ற பறவை வேறிடம் போய்ச் சமாளிக்கவில்லை, எண்ணிக்கையே விழுந்தது.

நம் பக்கத்தில் நடந்தது வேறு விதம். காப்பார் மின் நிலையத்தில் நிலக்கரிச் சாம்பலைக் கொட்டும் குளங்களை உள்ளான்கள் ஏற்ற நேரத்துக்கு ஒதுங்கும் இடமாக்கிக்கொண்டன. உலகில் ஓரிரு ஆயிரம் மட்டுமே மிஞ்சியிருக்கும், ரஷ்யாவின் ஒக்கோட்ஸ்க் கடலோரம் குஞ்சு பொரிக்கும் புள்ளிப் பச்சைக்காலியும் அந்தக் கூட்டத்தில் உண்டு. சாம்பல் குளம் என்றால் நமக்கு முகம் சுளிக்கும். பறவைக்கோ மேட்டு நிலம், தொல்லை இல்லாத அமைதி, அவ்வளவுதான் கணக்கு.

பார்க்கப் போகிறவர்கள் செப்டம்பரிலிருந்து ஏப்ரலுக்குள் போங்கள். கிள்ளான் துறைமுக ஏற்ற அட்டவணையைக் கைப்பேசியில் எடுத்து, உச்ச ஏற்றத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே இடம் பிடித்துவிடுங்கள். கொசு மருந்து கட்டாயம். நாங்கள் அன்று நான்கு மணிக்குப் போய் உட்கார்ந்தோம். ஐந்தரைக்குத் தலைக்கு மேல் “தியூ-ஹூ-ஹூ” என்று சீழ்க்கை. மாமா தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டுத் தொலைநோக்கியை எடுத்தார். பவளக்காலிகள், முப்பது நாற்பது இருக்கும், குளத்தை ஒரு சுற்றுச் சுற்றி இறங்கி, எல்லாம் ஒரே திசையில் காற்றுக்கு முகம் கொடுத்து நின்று, ஒரு காலை மடக்கிக்கொண்டன.