பிழைக்கு என்ன விலை?

அச்சுப் பிழையுள்ள நோட்டுகளைச் சேர்ப்பது தனவந்தர்களுக்கு மட்டுமே உரிய பொழுதுபோக்கா? இல்லவே இல்லை! 2018-ல் ஆஸ்திரேலியா வெளியிட்ட 50 டாலர் நோட்டைப் பாருங்கள். அந்நாட்டுச் சட்டசபை ஒன்றில் இடம்பெற்ற முதல் பெண்மணி ஈடித் கோவன் அம்மையாரின் கன்னிப் பேச்சு அதில் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கிறது. அந்தப் பேச்சில், 'பொறுப்பு' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லிலேயே ஓர் எழுத்தைக் கோட்டை விட்டுவிட்டார்கள்; அதுவும் மூன்று இடங்களில்!

2019-ல் விஷயம் அம்பலமானபோது 4 கோடியே 60 லட்சம் நோட்டுகள் புழக்கத்தில் இருந்தன. இத்தனை கோடி இருக்கையில் அபூர்வம் ஏது? ஆகவே, 'அரிய நோட்டு' என்று எவரேனும் நூறு, இருநூறு டாலர் கேட்டால் ஏமாறாதீர்கள். புழங்கிய நோட்டுக்கு அதில் அச்சிட்ட தொகையே போதும். பிழையைக் காணப் பூதக்கண்ணாடி வேண்டும். விலையைக் காண நிதானம் வேண்டும்!