வெப்பநாட்டு இல்லத்தில் மலைநாட்டு ஓர்க்கிட்

சித்திரை விடுமுறையில் நுவரெலியாவுக்குச் சென்று மீளும் யாழ்ப்பாணத்தவருட் சிலர், அங்கே பூத்து நிற்கும் சிம்பிடியம் என்னும் ஓர்க்கிட்டில் மனம் பறிகொடுத்து, பூவோடு கூடிய சாடியொன்றை மடியில் வைத்துக்கொண்டு ஊர் திரும்புவர். பூ சில கிழமை வாடாது நிற்கும். அதன்பின் செடி சாவதுமில்லை, வாழ்வதுமில்லை. இலைகள் ஒவ்வொன்றாய் மஞ்சளிக்கும். புதிதாய் எழும் குமிழ் முன்னையதினுஞ் சிறுத்திருக்கும். பூ மீண்டும் வாராது. இரண்டு மூன்று ஆண்டுகளிற் செடியும் மறைந்துபோம். தண்ணீர் போதவில்லையெனக் கருதி வீட்டார் மேலும் மேலும் வார்க்க, இருந்த வேரும் அழுகும். உண்மையில் அச்செடி மடிவது தாகத்தினாலன்று, பசியினாலாகும்.

இது எங்ஙனமெனக் காண்போம். கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றர் ஏறுந்தோறும் வெப்பநிலை ஏறக்குறைய 6.5 பாகை செல்சியசு குறைகின்றது. நுவரெலியா 1,870 மீற்றர் அளவான உயரத்திலுள்ளது. ஆதலின் யாழ்ப்பாணத்தின் ஆண்டுச் சராசரி 28 பாகையை அணுகி நிற்க, நுவரெலியாவின் சராசரி 16 பாகையளவில் நிற்கின்றது. கல்லூரியிலே தாவரவியல் கற்ற அன்பர்கட்கு நினைவிருக்கும்: பச்சையிலை பகலில் ஒளித்தொகுப்பினால் உணவு ஆக்குகின்றது, அவ்வுணவை இரவும் பகலுஞ் சுவாசத்தினாற் செலவிடுகின்றது. வெப்பநிலை 10 பாகை உயரின் சுவாசம் ஏறக்குறைய இருமடங்காகும். வருவாயோ அவ்வாறு பெருகுவதில்லை. நுவரெலியாவில் இரவுதோறும் மிச்சம் பிடித்துக் குமிழில் வைத்து வாழ்ந்த செடி, வைகாசி மாதத்து நள்ளிரவிலும் 26, 27 பாகைக்குக் கீழே இறங்காத நம்மூரில், பகலில் உழைத்ததை விடியுமுன்னரே செலவிட்டுக் குமிழிலிருந்த முதலையும் கரைத்துவிடுகின்றது. அன்றியும், பெரும்பூச் சிம்பிடியங்களின் முன்னோர் இமயச் சாரலிலும் பர்மா, வியட்நாம் மலைகளிலும் வாழ்ந்தவை. சில கிழமைகளேனும் இரவு வெப்பநிலை 10 முதல் 14 பாகையளவுக்கு இறங்கினாலன்றி அவற்றிற் பூமொட்டு உருவாதல் அரிது.

எனவே குளிர்விரும்பும் ஓர்க்கிட்டை வெப்பமான இல்லத்திற் பேணுவோர் கவலைப்படவேண்டியது பகலைப் பற்றியன்று, இரவைப் பற்றியே. பகலில் 30 பாகையைப் பொறுக்கும் செடி பல உண்டு. வெப்பமான இரவைப் பொறுப்பவை மிகச் சில. ஐரோப்பியரும் இதனை எளிதில் உணர்ந்தாரல்லர். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், வெப்பநாட்டுச் செடியாவும் வெப்பத்தையே விரும்புமென எண்ணி, அந்தீசு மலையின் குளிர்ந்த முகிற்காடுகளிலிருந்து வந்த ஓர்க்கிட்டுகளையும் கொதிக்குங் கண்ணாடி மனைகளில் அடைத்து எண்ணிறந்தவற்றை மாய்த்தனர். அந்நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின்னரே யேம்சு பேற்மன் முதலியோர் அவற்றைக் குளிர்மனையில் வளர்க்கும் முறையைப் பரப்பினர்.

இனி இரவைக் குளிர்விக்கும் வழிகளை ஆராய்வோம். முதலாவது இடம். நம்மவர் சாடிகளை வரிசையாக வைக்கும் முன்விறாந்தையும் சீமெந்து முற்றமும் இதற்கு மிகப் பொருத்தமற்றவை. பகலெல்லாம் வெயிலைக் குடித்த சுவரும் தரையும் இரவு நெடுநேரம் அவ்வெப்பத்தை வெளிவிட்டுக்கொண்டிருக்கும். கிணற்றடியே சிறந்தது. அங்கு வாழையின் நிழலும், எப்போதும் ஈரமான மண்ணும், காற்றும் ஒருங்கே உண்டு. சாடியைத் தரையில் வையாது, மரச்சட்டத்திலோ கம்பியிலோ காற்றுப் படத் தூக்கிவிடல் வேண்டும். நிழலுக்குக் கிடுகு வேயும் வழக்கம் பகலுக்கு நன்று. ஆனால் தெளிந்த இரவில் வானத்தை நோக்கியிருக்கும் இலை தன் வெப்பத்தை வெளியே வீசி, சூழ்ந்த காற்றினுஞ் சற்றுக் குளிரும். பனித்துளி பிடிப்பதும் இதனாலேயே. கூரை இதனைத் தடுத்துவிடும். ஆகவே மாலையிற் சுருட்டக்கூடிய நிழல்வலையோ பாயோ கிடுகினும் மேலானது.

இரண்டாவது ஆவியாதல். மண்பானைத் தண்ணீர் குளிர்வதன் காரணம் நம் பாட்டிமாருக்குந் தெரியும். அதே பயனைச் செடிக்கும் அளிக்கலாம். பிளாத்திக்குச் சாடியை விடுத்து, பக்கங்களிற் துளையிட்ட மண்சாடியைத் தெரிந்து, அதனை அகன்ற மற்றொரு மண்சாடியினுள் வைத்து, இரண்டிற்கும் இடையே ஈரமணல் இடுக. அகச்சாடியின் அடியில் நீர் தேங்கலாகாது. பொழுதுபடும் வேளை தரையையும் மணலையும் நனைக்கவேண்டும்; இலைகளையன்று. இரவு முழுதும் ஈரமாயிருக்கும் குருத்து அழுகிவிடும். இம்முறைக்கும் ஓர் எல்லையுண்டு. காற்று 33 பாகையாயும் ஈரப்பதன் நூற்றுக்கு 60 ஆயும் இருக்கும்போது ஆவியாதலால் மிகக்கூடியது 6 பாகை குறையலாம். 30 பாகையும் நூற்றுக்கு 85 ஈரப்பதனுமுள்ள கொழும்பு மாலையிலோ 2 பாகையே குறையும். சோளகம் வறண்டு வீசும் யாழ்ப்பாணம் இவ்வொரு விடயத்தில் கொழும்பினும் பாக்கியம் பெற்றதாகும். காற்று அசையாத இரவுகளுக்கு ஒரு சிறு மின்விசிறி போதும். வேரில் பனிக்கட்டி வைப்பது வீண் வேலை. அது கரையும்வரை ஒரு மூலை விறைக்கும். இலை வெப்பத்திலேயே இருக்கும்.

குளிரூட்டி பொருத்திய படுக்கையறை உடையோர் இரவில் மட்டும் செடியை அங்கு கொண்டுசெல்லலாம். 20 பாகையிற் கழியும் இரவு, பலனொப்சிசு இனத்துக்குப் பூக்கும் தூண்டுதலாகவும் அமையும். பெரும்பூச் சிம்பிடியத்தைப் பூக்கச் செய்யாதெனினும் பட்டினியினின்று காக்கும். குளிரூட்டி காற்றை உலர்த்துவதால், தட்டில் நீரும் கூழாங்கல்லும் இட்டு, நீர் தொடாதபடி அதன்மேற் சாடியை வைத்தல் நலம்.

நம்மூருக்கே உரிய மற்றொரு தொல்லை கிணற்று நீராகும். சுண்ணாம்புக்கல்லினூடாக ஊறி வரும் இந்நீரிற் கல்சியம் மிகுதி. கேத்திலின் அடியிற் படியும் அதே வெண்படை ஓர்க்கிட் வேரிலும் சாடியிலும் படியும். காட்டிலே இச்செடிகளிற் பல மரக்கிளைகளிற் தொற்றி நின்று மழைநீரையே பருகுபவை. வெப்பத்தினால் ஏற்கெனவே நலிந்த வேருக்கு உப்புச் சுமையும் சேரின் தாங்காது. மாரிகாலத்து மழைநீரைத் தொட்டியிற் சேமித்து மூடிவைத்து ஆண்டு முழுதும் சிறிது சிறிதாகப் பயன்படுத்துவதே முறை.

இவ்வளவு செய்தும் மலைநாட்டு இரவை நாம் முற்றாக ஆக்கிவிட முடியாது. மசுடவாலியா போன்ற முகிற்காட்டு இனங்களை வாங்குதல் பணத்தையும் உயிரையும் வீணாக்குவதாகும். சிம்பிடியத்திலேயே ஆசையுடையோர், தாழ்நிலத்தும் வளரும் நம் நாட்டுச் சிம்பிடியம் பைகொலரையோ, வெப்பம் பொறுக்கும் என்சிபோலியம் வழிவந்த கலப்பினங்களையோ நாடலாம். பூ சிறிதெனினும் ஆண்டுதோறும் வரும். வண்டா இனமும் உண்டு. அதன் பெயரே வடமொழியிலிருந்து பெற்றது. அதன் ஓரினமாகிய வண்டா தெசெலாற்றா நமது உலர்வலயக் காடுகளில் இயல்பாகவே வாழ்கின்றது.

குளிர்நாட்டுச் செடிதான் வேண்டுமென்போர் கொண்டுவரும் காலத்தையேனும் மாற்றுதல் வேண்டும். சித்திரையிற் கொணரும் செடி, வந்திறங்கிய அன்றே ஆண்டின் கொடிய வெப்பத்தை எதிர்கொள்கின்றது. வாடை வீசும் தை மாதத்தில் யாழ்ப்பாணத்து இரவு 22, 23 பாகைக்கு இறங்கும். அப்போது வருஞ் செடிக்குப் புதிய வேர்விட்டு நிலைகொள்ள இரண்டு மூன்று மாத அவகாசம் கிடைக்கும். சித்திரையிற் பூவைக் கண்டு மயங்கியவர்கள் விலைபேசி முற்பணமும் கொடுத்து வைத்து, தையிற் சென்று செடியை எடுத்துவரலாம்.