கணினிவழிக் குளியலறை வரைவு

கணினிவழிக் குளியலறை வரைவு என்பது குளியலறை, கழிவறை ஆகியவற்றின் சுவர், கதவு, குழாய், கழிவறைக் கோப்பை போன்றவை அமையும் இடங்களைக் கணினி வரைவு மென்பொருளைக் கொண்டு அளவுடன் வரைந்து தீர்மானிக்கும் முறையாகும். வீட்டின் மற்ற அறைகளில் கட்டிலையும் அலமாரியையும் பின்னர் நகர்த்திக்கொள்ளலாம். குளியலறையில் தரையைப் பதித்தபின் கோப்பையை ஒரு சாண் நகர்த்துவதற்கும் தரையை உடைக்க வேண்டும். ஆகவே சிறிய அறையாயினும் இதற்கே நுட்பமான வரைபடம் தேவைப்படுகிறது.

மென்பொருள்கள்

ஐவன் சதர்லாந்து 1963-இல் உருவாக்கிய ஸ்கெட்ச்பேட் இத்துறையின் முன்னோடியாகும். 1982-இல் ஆட்டோடெஸ்க் நிறுவனம் ஆட்டோகேட் மென்பொருளை வெளியிட்டது. கட்டணமின்றிப் பயன்படுத்த லிபர்கேட், ஃப்ரீகேட் போன்ற கட்டற்ற மென்பொருள்கள் உள்ளன. குளியலறை போன்ற இருபரிமாண வரைபடத்திற்கு லிபர்கேட் போதுமானது. தொழிற்பயிற்சி நிலையங்களில் கற்பிக்கப்படும் குடிசார் வரைவாளர் என்னும் இரண்டாண்டுப் பயிற்சியிலும் கணினி வரைவு ஒரு பகுதியாகும்.

குறைந்தபட்ச அளவுகள்

இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு (2016) கூறும் குறைந்தபட்ச அளவுகள் பின்வருமாறு:

- தனிக் குளியலறை: பரப்பு 1.8 ச.மீ., அகலம் 1.2 மீ.
- தனிக் கழிவறை: பரப்பு 1.1 ச.மீ., அகலம் 0.9 மீ.
- இரண்டும் சேர்ந்த அறை: பரப்பு 2.8 ச.மீ., அகலம் 1.2 மீ.
- உயரம்: 2.1 மீ.

இவற்றுடன், வெளிக்காற்று வருவதற்கான சாளரத்தையும் வரைபடத்தில் காட்டுதல் வேண்டும்.

வரையும் முறை

முதலில் அலகை மில்லிமீட்டராக அமைத்துக்கொள்ள வேண்டும். கொத்தனார்கள் பெரும்பாலும் அடி, அங்குலக் கணக்கில் வேலை செய்வதால், இறுதிப் படத்தில் அடிக்கணக்கையும் குறிப்பது நல்லது. 5 அடி என்பது 1524 மி.மீ. ஆகும்.

சுவர், கோப்பைகள், நீர்க்குழாய், கழிவுக்குழாய், மின்கம்பி, அளவுகள் ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனி அடுக்கில் வரையப்படும். இதனால் குழாய் வேலை செய்பவருக்குக் குழாய் அடுக்கை மட்டும் அச்சிட்டுத் தரலாம். சுவரின் ஒரு கோட்டை வரைந்து, ஆஃப்செட் கட்டளையால் 230 மி.மீ. தள்ளி மறுகோட்டைப் பெறலாம். இது ஒரு செங்கல் தடிப்புள்ள சுவரின் அளவாகும். கோப்பை, கைகழுவும் தொட்டி ஆகியவற்றை ஒருமுறை வரைந்து பிளாக் என்னும் தொகுப்பாகச் சேமித்தால் வேண்டிய இடத்தில் வைத்துப் பார்க்கலாம்.

பூச்சும் ஓடும் எடுத்துக்கொள்ளும் தடிப்பைப் புதியவர்கள் கணக்கில் விட்டுவிடுவதுண்டு. ஒரு பக்கத்திற்கு 25 மி.மீ. எனக் கொண்டால், செங்கல் சுவர்களுக்கிடையே 1500 மி.மீ. விட்ட அறை வேலை முடிந்தபின் 1450 மி.மீ. ஆகிவிடும். ஆகவே முடிவுற்ற அளவையும் செங்கல் அளவையும் தனித்தனியே குறிப்பிட வேண்டும்.

எடுத்துக்காட்டு

முடிவுற்ற அளவு 1500 மி.மீ. அகலமும் 2100 மி.மீ. நீளமும் உள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். பரப்பு 3.15 ச.மீ.; விதியின் அளவுக்கு மேற்பட்டதே. நீளத்தை மூன்றாகப் பிரிக்கலாம்: கதவின் அருகே கைகழுவும் தொட்டிக்கு 400, நடுவில் மேற்கத்திய வகைக் கோப்பைக்கு 800, கடைசியில் குளிக்கும் இடத்திற்கு 900 மி.மீ. இடச்சுவரை ஒட்டிய கோப்பை 700 மி.மீ. நீண்டிருந்தால், அதன் முன் 800 மி.மீ. எஞ்சும். நடக்க இயன்ற ஒருவருக்கு இது போதும்.

இனி இதே படத்தில் 1500 மி.மீ. விட்டமுள்ள ஒரு வட்டம் வரைக. இது சக்கர நாற்காலி திரும்புவதற்குத் தேவையான இடமாகும். வட்டம் கோப்பையை வெட்டிச் செல்வதைக் காணலாம். அதாவது, விதிக்கு உட்பட்ட இவ்வறையில் சக்கர நாற்காலியில் வருபவர் திரும்ப இயலாது. அறையின் அகலத்தை 2200 மி.மீ. ஆக்கினால் கோப்பையின் முன் 1500 மி.மீ. கிடைக்கும். கதவின் திறப்பையும் 900 மி.மீ. ஆக்கி, வாசற்படியைத் தவிர்த்தல் வேண்டும். வீட்டிலுள்ளோர் முதுமை அடையும்போது இவ்வேறுபாடு அவர்கள் பிறர் துணையின்றி வாழ்வதைத் தீர்மானிக்கும்.

கதவு திறக்கும் வில்லையும் வரைய வேண்டும். உள்நோக்கித் திறக்கும் கதவுள்ள சிறிய அறையில் ஒருவர் வழுக்கி விழுந்தால், அவரது உடலே கதவைத் தடுத்துவிடும். உதவிக்கு வருபவர் நுழைய முடியாது. வெளிநோக்கித் திறக்கும் கதவு அல்லது நகரும் கதவு பாதுகாப்பானது.

கழிவுநீரும் நிலமும்

வரைபடம் அறையின் சுவரோடு முடிவதில்லை. 100 மி.மீ. விட்டமுள்ள கழிவுக்குழாய்க்கு 40-க்கு 1 என்னும் சரிவு வழக்கிலுள்ளது. குழி 4 மீ. தொலைவில் இருந்தால் குழாய் 100 மி.மீ. இறங்க வேண்டும். இக்கணக்கைப் பக்கவெட்டுப் படத்தில் பார்த்த பின்னரே தரைமட்டத்தை முடிவு செய்ய இயலும்.

2007 நவம்பர் 23 அன்று பெரம்பலூரிலிருந்து மீண்டும் பிரிக்கப்பட்ட அரியலூர் மாவட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். இங்கு கிரீத்தேசியக் காலக் கடற்படிவுகளும் சுண்ணாம்புக்கல்லும் உள்ளன. பல இடங்களில் களிப்பான கரிசல் மண் காணப்படுகிறது. கரிசல் மண் நீரை மெதுவாகவே உறிஞ்சும். ஈரத்தில் உப்பி, காய்ந்தால் வெடிக்கும். இத்தகைய மண்ணில் இரட்டைக் குழிக் கழிவறையின் உறிஞ்சுகுழியைச் சுற்றி 30 செ.மீ. அகலத்திற்கு மணல் அல்லது சரளை நிரப்பப் பரிந்துரைக்கப்படுகிறது. வெடிப்புள்ள சுண்ணாம்புப் பாறையிலோ சிக்கல் நேர்மாறானது. கழிவுநீர் வடிகட்டப்படாமல் இடுக்குகளின் வழியே விரைந்து சென்று கிணற்றை அடையக்கூடும்.

எனவே வீட்டு மனையின் படத்தில் கிணறு, ஆழ்துளைக் கிணறு, அண்டை வீட்டுக் கிணறு ஆகியவற்றையும் குறித்து, குழியிலிருந்து அவற்றின் தொலைவை அளந்து பார்க்க வேண்டும். பாறை நிலத்தில் வழக்கமான தொலைவை நம்பாமல் பொறியாளரிடம் நிலத்தைக் காட்டிக் கேட்பது தகும்.

பயன்களும் வரம்பும்

கணினியில் ஒரு கோப்பையை நகர்த்தச் செலவில்லை. பல அமைப்புகளை வரைந்து ஒப்பிடலாம். ஆயினும் மென்பொருள் தவறான அளவையும் துல்லியமாகவே வரையும். மனையில் நாடா பிடித்து அளந்த அளவும், அவ்வறையைப் பயன்படுத்தப் போகிறவர் யார் என்ற தெளிவும் இருந்தால்தான் வரைபடம் பயன்தரும்.